அக்குளில் துண்டு, இடுப்பில் துப்பாக்கி

போன மாசம் படிப்பு வட்டம் முடிந்து எல்லோரும் டீக்கடைக்குக் கிளம்பியபோது, சட்டக் கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன் என்னைத் தனியே கூப்பிட்டுப் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். கவிதைதான், திருத்தித் தரச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். இல்லை. அமெரிக்காவில் வெளியே தெரியாமல் உடம்பில் மறைத்து எடுத்துப் போகிற கைத்துப்பாக்கிகளில் எது தேவலை, எது மட்டம், எந்த உறை தோதானது, எந்த பெல்ட் கனம் தாங்கும் என்று பரீட்சை வைத்து மார்க் போட்ட கட்டுரையின் ஜெராக்ஸ். ஓரமெல்லாம் பென்சில் கோடு.

"அண்ணா, நம்ம ஆளுங்களுக்கு இதுல எது சரிப்பட்டு வரும்?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவனுடைய சித்தப்பாவைக் கோயில் கொடைத் தகராறில் வெட்டியவர்கள் ஜாமீனில் வந்து, ஊர் முக்கில் அதே டீக்கடையில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ் ஏற அவன் அந்த பெஞ்சைத் தாண்டித்தான் வரவேண்டும். அவனுக்கு அது வேடிக்கைக் கேள்வி அல்ல.

நம் பத்திரிகைகளில் துப்பாக்கி வந்தால் ஒன்று கவிதையாக வரும், இல்லாவிட்டால் கோஷமாக வரும். நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கவிதைகளில் துப்பாக்கிக்கு எடை கிடையாது, விலை கிடையாது, அதை எங்கே செருகிக்கொள்வது என்ற கவலை கிடையாது. தம்பி கொடுத்த காகிதத்தில் இதெல்லாம் இருந்தது. அதனால் அதை மூன்று ராத்திரி உட்கார்ந்து மரியாதையாகவே படித்தேன்.

படித்ததைச் சொல்கிறேன். மறைத்து எடுத்துப் போகிற துப்பாக்கியில் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். சின்னதாக இருந்தால் ஒளிக்கலாம், ஆனால் சுடுவது கஷ்டம். பெரிதாக இருந்தால் சுடலாம், ஒளிப்பது கஷ்டம். 1950இல் ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி விட்ட குட்டை ரிவால்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தே தோட்டா, இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல். பையில் போட்டால் தெரியாது, வருஷக்கணக்கில் தூங்கினாலும் எழுந்து சுடும். ஆனால் விசை கனம், உதை பலம், பழகாத கைக்குக் குறி தப்பும். 1988இல் வந்த க்ளாக் 19 பதினைந்து தோட்டா பிடிக்கும், கைக்கு அடக்கம், ஆனால் மெலிந்த உடம்பில் சட்டைக்கு மேல் புடைத்துக் காட்டிக்கொடுக்கும். 2018இல் ஸிக் கம்பெனியின் பி365 வந்ததும் கணக்கு மாறியது. ஏறக்குறைய அரைக் கிலோ எடையில் பத்துத் தோட்டா. அதற்கப்புறம் எல்லாக் கம்பெனிக்காரனும் அதே அளவில் ஒன்று செய்ய ஓடினான்.

துப்பாக்கியைவிட உறைதான் முக்கியம் என்று அந்த ஆள் அடித்துச் சொல்கிறார். உறை விசையை முழுசாக மூட வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஆயுதம் விழக் கூடாது. பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும். இதெல்லாம் அலங்காரம் இல்லை. பிளாக்ஸிகோ பர்ரெஸ் என்ற கறுப்பின ஃபுட்பால் வீரர், 2008 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஆட்டத்தில் ஜெயிக்கவைத்த பந்தைப் பிடித்தவர். அதே வருஷம் நவம்பரில் நியூயார்க் கிளப் ஒன்றுக்கு உறையில்லாமல் க்ளாக்கை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அது கால்சட்டைக்குள் வழுக்கியது, பிடிக்கப் போனார், வெடித்தது. சொந்தத் தொடையில் குண்டு. நியூயார்க்கில் அதை வைத்திருக்க உரிமம் இல்லை என்பதால் 2009இல் இரண்டு வருஷம் சிறைத் தண்டனை. வேறு யாரையும் அவர் சுடவில்லை.

(நம்ம ஊர்ப் பெரியவர்கள் வேட்டிக்கு மேல் கட்டுகிற பச்சை பெல்ட் இந்தப் பரீட்சையில் பாஸாகும் என்று நினைக்கிறேன். இதுவரை அது சுமந்தது பீடிக்கட்டையும் சுருட்டிய பத்து ரூபாயையும்தான்.)

இதுவரை எழுதியவர் சொன்னது. நம்ம ஊர் ரோட்டில் நின்று அதே காகிதத்தை நான் படித்தால் வேறு சங்கதிகள் தெரிகின்றன.

அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர் 1983இல் ஒரு கணக்குச் சொன்னார். கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியை ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். உறையிலிருந்து எடுத்துச் சுடப் பழகிய போலீஸ்காரனுக்கே அவ்வளவு நேரம் ஆகும். சட்டைக்கு உள்ளே ஒளித்து வைத்தவன் முதலில் சட்டையை வழிக்க வேண்டும். கத்திக்கே இந்தக் கணக்கு என்றால், நீளக் கைப்பிடி போட்ட வீச்சரிவாளுக்கு என்ன கணக்கு? அதுவும் டீக்கடை பெஞ்சிலிருந்து ரோடு 21 அடி இல்லை. ஆறடி.

இன்னொன்று. அந்தக் கட்டுரை முழுக்க எதிரி ஒருத்தன்தான். கார் நிறுத்துமிடத்தில் பணம் பிடுங்க வருகிற முன்பின் தெரியாதவன். மிஞ்சிப்போனால் இரண்டு பேர். நம்மை வெட்ட வருகிறவன் முன்பின் தெரியாதவனா? அவன் அப்பன் பேர் தெரியும், வீட்டுக் கொல்லை தெரியும், நம் ஆத்தா அந்தக் கொல்லையில் சாணி அள்ளியிருப்பாள். அவன் தனியாகவும் வருவதில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸை மறித்தது ஒரு கும்பல். ஐந்து தோட்டா ரிவால்வர் அவர் இடுப்பில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். இரண்டு பேர் விழுந்திருக்கலாம். மறுநாள் பேப்பரில் அது "இருதரப்பு மோதல்" ஆகியிருக்கும். எரிந்திருப்பது சேரியாக இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிளையில் ஒரு காவலர் இருந்தார், ரிட்டயர்டு மிலிட்டரி. ரெட்டைக்குழல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு நேரத்தில் அவரோடுதான் பேசிக்கொண்டிருப்பேன். ஒருநாள் கேட்டேன், "அண்ணே, திருடன் வந்தா சுட்டுடுவீங்களா?" அவர் சொன்னது: "சார், இது சுடுறதுக்கு இல்ல. வாசல்ல ஒருத்தன் இதை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்னு நாலு பேருக்குத் தெரியணும், அவ்வளவுதான். சுட்டா என் வேலை போயிரும், பெயிலுக்கு அலையணும். பேங்கு வக்கீல் வச்சா உண்டு." கேஷ் எண்ணுகிற எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. இப்போது புரிகிறது. துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது, அதன் முத்திரை இருக்கிறது, வக்கீல் இருக்கிறான். அதனால்தான் அது மடியில் பகிரங்கமாகக் கிடக்கிறது. மறைத்து வைக்கிறவனுக்கு இது எதுவும் இல்லை. அவனிடம் இருப்பது உரிமம் என்ற ஒரு தாள். அந்தத் தாளை யார் படித்துப் பார்ப்பார்கள், எப்போது படிப்பார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கறுப்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1956 ஜனவரி 30, மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். வீட்டுக்குள் மனைவியும் கைக்குழந்தையும். அதற்குப் பிறகு கிங், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கேட்டு மனுப் போட்டார். ஆம், அகிம்சை கிங்தான். கொடுக்கவில்லை. வீட்டில் குண்டு விழுந்த மனிதனுக்கு ஆபத்து இருப்பதாக அதிகாரிக்குத் தோன்றவில்லை. கிங் பிறகு துப்பாக்கியையே விட்டார், அது வேறு கதை. அந்த மனு நிராகரிக்கப்பட்ட கதையை நம் பள்ளிக்கூடப் பாடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.

பத்து வருஷம் கழித்து ஓக்லாண்டில் கருஞ்சிறுத்தைகள் வந்தார்கள். பெயரையே நம் மராட்டியத் தோழர்கள் 1972இல் எடுத்துக்கொண்டார்கள் அல்லவா, அவர்கள்தான். அவர்கள் மறைக்கவில்லை. கலிபோர்னியா சட்டப்படி வெளியே தெரிய எடுத்துப் போகலாம், எடுத்துப் போனார்கள், போலீஸ் வண்டிக்குப் பின்னாலேயே போய் நின்றார்கள். அரசு என்ன செய்தது? 1967இல் சட்டத்தையே மாற்றியது. கையெழுத்துப் போட்டவர் கவர்னர் ரீகன். துப்பாக்கி உரிமைக்குத் தொண்டை கிழியக் கத்துகிற தேசிய ரைஃபிள் சங்கம் அன்றைக்கு அந்தச் சட்டத்தை ஆதரித்தது. கறுப்புக் கையில் இருந்தபோது மட்டும் அது உரிமையாகத் தெரியவில்லை.

அது பழைய கதை, இப்போது 2024 கணக்குக்கு 29 மாநிலங்களில் உரிமமே இல்லாமல் மறைத்து எடுத்துப் போகலாமே என்று தம்பி வாதம் செய்தான். சரி. 2016 ஜூலை 6, மின்னசோட்டா. ஃபிலாண்டோ காஸ்டில், வயசு 32, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. காரைப் போலீஸ் நிறுத்துகிறது. அவரிடம் துப்பாக்கி இருக்கிறது, உரிமம் இருக்கிறது. ஒழுங்கான ஆள் செய்யவேண்டியபடி, ஐயா, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தானே முன்வந்து சொல்கிறார். அந்தப் போலீஸ்காரன் ஏழு முறை சுட்டான். காரில் காதலியும் அவளுடைய நான்கு வயசுக் குழந்தையும் இருந்தார்கள். அடுத்த வருஷம் ஜூரி அவனை விடுதலை செய்தது. அதே மாநிலத்தில் 2022 பிப்ரவரியில் அமிர் லாக் என்கிற 22 வயசுப் பையன். அவனுக்கும் உரிமம் உண்டு. சோபாவில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவனை, கதவைத் தட்டாமல் நுழைந்த போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்கள் தேடி வந்த வாரண்டில் அவன் பேரே இல்லை.

எந்த உறை போட்டிருந்தால் காஸ்டில் பிழைத்திருப்பார்? அந்த மார்க் ஷீட்டில் இதற்கு ஒரு கட்டம் இல்லை. எடை, தோட்டா, உதை, பெல்ட் எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. 'துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்த நொடியில் உன்னைக் குடிமகன் என்று நினைப்பார்களா, குற்றவாளி என்று நினைப்பார்களா' என்பதற்கு மார்க் இல்லை. எழுதியவருக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது. அவர் தோல் அப்படி.

நான் அகிம்சை பேசவில்லை. காந்திக்கு வக்காலத்து வாங்குகிற ஆளும் நான் இல்லை. 1892இல் மெம்ஃபிஸில் தன் நண்பரைக் கும்பல் கொன்றபிறகு பத்திரிகைக்காரி ஐடா வெல்ஸ் பிஸ்டல் வாங்கினாள். சரியாகத்தான் செய்தாள். 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் முன்னாள் ராணுவத்தார் சேர்ந்து தற்காப்பு டீக்கன்கள் என்று ஒரு அமைப்புக் கட்டி, சிவில் உரிமைத் தோழர்களை இரவெல்லாம் காவல் காத்தார்கள். கு கிளக்ஸ் கிளான் வண்டிகள் வருவது குறைந்தது. ஆனால் கவனியுங்கள், அது ஒளித்து வைத்த துப்பாக்கி இல்லை. தெருவுக்கே தெரிந்த காவல். முறைபோட்டு விழித்திருந்த ஆட்கள். தனியாள் ஒருத்தன் இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறியதல்ல.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 2014இல் கான்பூர் தளவாடத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வரை விட்டது. டெல்லியில் 2012இல் கொல்லப்பட்ட மாணவியை நினைவுபடுத்துகிற பேர், பெண்களுக்கான ஆயுதம் என்று விளம்பரம். அரைக் கிலோ, .32 அளவு, டைட்டானியம், கைப்பைக்குள் அடங்கும். தம்பியின் மார்க் ஷீட்டில் வைத்தால் ஒளிப்பதற்கு நல்ல மார்க் வாங்கும். விலை 1,22,360 ரூபாய். அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி ஒரு நாளைக்கு 167. பேங்க் கிளார்க் புத்தி, கணக்குப் போடாமல் விடாது. ஒரு பைசா சாப்பிடாமல் சேர்த்தால் ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஏழு கொடை வந்து போய்விடும்.

பணத்தை விடுங்கள். ஹத்ராஸ் கொடுமைக்குப் பிறகு 2020இல் பீம் ஆர்மியின் சந்திரசேகர் ஆசாத், அரசு மானியத்தோடு நம் மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் கேட்டார். பேச்சுக்குக் கேட்டதாகச் சிலர் நினைத்தார்கள். சட்டத்திலேயே அது இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, மூன்றாம் விதியை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்கலாம் என்று அடையாளம் கண்ட பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு அரசு ஆயுத உரிமம் வழங்கலாம். "தேவை என்று கருதினால்." யார் கருத வேண்டும்? நம் புகாரை வாங்க மூன்று நாள் ஸ்டேஷன் வாசலில் நிற்கவைக்கிற அதே ஆட்கள்தான், நமக்கு உயிராபத்து உண்டு என்று ரிப்போர்ட் எழுத வேண்டும்.

ஆனால் அந்த விதியை மேலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள். நமக்கு உரிமம் கொடு என்பது பிறகுதான் வருகிறது. அதற்கு முன்னாலேயே இரண்டு வருகின்றன. அந்தப் பகுதியில் பட்டியல் சாதியல்லாதவர், அவருடைய நெருங்கிய உறவினர், வேலைக்காரர், குடும்ப நண்பர் வரைக்கும் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்து ஆயுதத்தை அரசுக் கிடங்கில் வாங்கி வை என்று ஒன்று. கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய் என்று இன்னொன்று. இதை எழுதியவன் எவனோ ஊரைத் தெரிந்தவன். வேலைக்காரன், குடும்ப நண்பன் வரை எழுதியிருக்கிறான் பாருங்கள், பண்ணையார் துப்பாக்கி யார் வீட்டுப் பரணில் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி துப்பாக்கி யார் கையில் இருந்தது? குடிசைக்குள் ஓடி ஒளிந்து எரிந்துபோன 44 பேர் கையிலா? பீகாரில் 1997 டிசம்பர் முதல் தேதி லக்ஷ்மண்பூர் பாத்தேயில் 58 பேரைச் சுட்டுத் தள்ளிய ரண்வீர் சேனாவின் கையில் இருந்தது. 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் 26 பேரையும் விடுதலை செய்தது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள், ஒப்படைக்கிறார்கள், ரசீது வாங்குகிறார்கள். ஓட்டுப்பெட்டிக்காகச் செய்ய முடிந்ததை ஒரு கோயில் கொடைக்காகச் செய்ய முடியாதா? எனக்கு ஒரு துப்பாக்கி கொடு என்று கேட்பதற்கு முன்னால் அவனுடையதை எடு என்று கேட்க வேண்டும். முதலாவதைக் கேட்டால் தீவிரவாதி என்பான். இரண்டாவதைக் கேட்டால் என்ன சொல்வான்? பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு விஷயம், தோழர்களுக்குக் கசக்கும், சொல்லித்தான் ஆகணும். துப்பாக்கி எப்போதும் இடுப்பில் இருக்காது, வீட்டுக்கு வரும். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கு மேல் தன்னைத்தானே. நம் வீடு ஒற்றை அறை. கடன், குடி, புருஷன் பெண்டாட்டி சண்டை, ஃபெயிலான பையன் எல்லாம் அந்த ஒற்றை அறையில்தான். சாராயம் குடித்துவிட்டு வந்து கையில் கிடைத்ததை எடுக்கிற ஆம்பளைகள் நம்மிடையே இல்லையா? இன்றைக்குக் கையில் கிடைப்பது விறகுக் கட்டை, பொம்பளை பிழைத்துக்கொள்கிறாள். ஊர்த்தெருக்காரனுக்கென்று வாங்கியது முதலில் வெடிப்பது எங்கே என்று நம் பெண்களிடம் கேட்காமல் யாரும் முடிவு செய்ய வேண்டாம்.

என் தாத்தா ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது தோள்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வார். நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதத்தில் அக்குளில் துப்பாக்கி தொங்குகிற தோளுறைப் படம் ஒன்று இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா ஒளித்த இடத்தில் பேரன் வேறொன்றை ஒளிக்கலாம், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒளிக்கத்தானே செய்கிறோம்? துண்டு மறுபடி தோளுக்கு வந்தது யாரும் ஒளிந்து செய்த காரியத்தால் அல்ல. பத்து இளவட்டங்கள் ஒருநாள் துண்டைப் போட்டுக்கொண்டு சேர்ந்தே தெருவில் நடந்தார்கள். அடி விழுந்தது, கேஸ் நடந்தது. அதற்கப்புறம் யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

தம்பி இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் சரிண்ணா, நாளைக்குக் காலைல நான் பஸ்ஸுக்குப் போகணும்ல" என்றான். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இப்போதைக்கு அவன் தெருப் பையன்கள் ஆறேழு பேர் ஒன்றாகவே பஸ்ஸுக்கு வருகிறார்கள், போகிறார்கள். ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி வக்கீல் மூலம் மனுப் போட்டாயிற்று. அவனையே உட்காரவைத்து ஒரு தகவல் உரிமை மனுவும் எழுதவைத்தேன். மாவட்டத்தில் எத்தனை துப்பாக்கி உரிமங்கள், அதில் பட்டியல் சாதியார் எத்தனை பேர், மூன்றாம் விதிப்படி அடையாளம் கண்ட கிராமங்கள் எவை, அங்கே இதுவரை எத்தனை உரிமங்களை ரத்து செய்திருக்கிறார்கள், தேதிவாரியாக. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை ஒட்டி, ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் போட்டிருக்கிறோம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். மற்ற மாவட்டத் தோழர்களும் இதே மனுவைப் போடலாம், நகல் வேண்டுமென்றால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.